மூழ்குநர் இலக்கணம்: ஆங்கில மயங்குசொற்கள் பற்றிய ஆய்வு

தமிழ்ப் பாடநூல்கள் ல, ள, ழ என்பனவற்றையும், ண, ந, ன என்பனவற்றையும், ர, ற என்பனவற்றையும் மயங்கொலி எழுத்துகள் என்று வகுத்து, வாலைப் பிடித்தவனுக்கும் வாளைப் பிடித்தவனுக்கும் ஒரே கதி நேர்வதில்லை என்பதைப் பள்ளிப் பருவத்திலேயே பிள்ளைகளுக்கு உணர்த்திவிடுகின்றன. ஆங்கிலத்திலோ இத்தகைய மயக்கம் எழுத்தோடு நில்லாமல் சொல்லையும் பற்றிக்கொண்டமையால், அச்சொற்களை இணை இணையாகத் தொகுத்து, ஒவ்வோர் இணைக்கும் சினந்து உரை எழுதுவதையே தொழிலாகக் கொண்ட ஒரு புலவர் மரபு இங்கிலாந்தில் முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் தழைத்து வருகிறது. அவ்விணைகளை இவ்வாய்வு ‘மயங்குசொல்’ என்று குறிக்கும். மயங்குசொல்லாவது, ஒன்றன் இடத்தில் மற்றொன்று வந்தபோது எழுதியவர்க்கு எந்த மயக்கமும் இன்றி, படித்தவர்க்கும் பொருள் தெள்ளிதின் விளங்கி, இருவரோடும் தொடர்பில்லாத மூன்றாமவர் ஒருவர்க்கு மட்டும் உறக்கம் கெடுமாறு அமைந்த சொல்லிணை. அம்மூன்றாமவரைத் ‘திருத்துநர்’ எனலாம். எழுதுநர், படிக்குநர், திருத்துநர் என்னும் இம்மூவருள் முதலிருவர் இல்லாவிடில் மொழி நடவாது. மூன்றாமவர் இல்லாவிடில் ஆய்வு நடவாது.

சொல் மயக்கத்தால் பொருள் கெட்ட இடங்கள் சில, பொழுது கெட்ட இடங்கள் பல என்பது இவ்வாய்வின் கருதுகோள். கருதுகோளாவது, ஆய்வைத் தொடங்கும் முன் ஆய்வாளர் உண்மையென்று கொள்வதும், முடித்த பின்னும் விடாமல் பற்றிக்கொண்டிருப்பதுமான கூற்று. ஆய்வேட்டு மரபில் அது முதல் இயலிலும், முடிவுரை கடைசி இயலிலும் வைக்கப்படும். இரண்டும் ஒன்றே என்பது நெறியாளர் கண்ணில் படாமல் இருப்பதற்காகவே இடையில் முந்நூறு பக்கங்கள் வைக்கப்படுகின்றன. இங்கே அத்தனை இடம் இல்லாமையால் வாசகர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஆய்வுப் பொருளுள் புகுமுன் ஓர் இடர்ப்பாட்டைக் களைதல் வேண்டும். அசையாது நிற்பது என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லும், தாள், பேனா முதலிய எழுதுபொருள்களைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் தமிழ் எழுத்தில் ஸ்டேஷனரி என்றே வருகின்றன. ஆங்கில எழுத்தில் முன்னது ‘ஏ’ என்னும் எழுத்தையும் பின்னது ‘ஈ’ என்னும் எழுத்தையும் கடைசிக்கு இரண்டெழுத்து முன்னே பெறும். அவ்வோர் எழுத்தை மாற்றிப் போட்டுத் தலைப்புத் தாளை அச்சடித்த நிறுவனங்கள் திருத்துநர் வட்டாரத்தில் மானம் இழந்திருக்கின்றன. தமிழ் எழுத்துக்கு மாறியவுடன் இந்நோய் தானே தீர்ந்துவிடுவதால், ஆங்கிலேயர் அனைவரும் தமிழில் எழுதத் தொடங்கினால் திருத்துநரில் ஒரு பகுதியினர் வேலை இழப்பர் என்பது உறுதி. எனினும் ஆய்வின் பொருட்டு இரண்டையும் பிரித்தறிந்தே ஆக வேண்டுமாதலின், நிற்பதனை ஏகார ஸ்டேஷனரி என்றும், எழுதுபொருளை ஈகார ஸ்டேஷனரி என்றும் வழங்குவோம். ஆங்கிலேயச் சிறுவர்கள் இவ்வேறுபாட்டை நினைவில் வைக்க ‘என்வெலப்’ என்னும் உறைப்பெயரின் முதலெழுத்தை நாடுகின்றனர். தமிழ்ச் சிறுவர்க்கு அதனினும் நல்ல வழி உண்டு. ஜூன் மாதத்தில் பள்ளி திறந்து, நோட்டுக்கு அட்டை போடும் பரபரப்பு அடங்கிய பின் எழுதுபொருள் கடைக்காரர் ஈ ஓட்டுவார். ஆகவே அது ஈகாரம். நடுச்சாலையில் அசையாமல் நின்றுவிட்ட பேருந்தை நோக்கிப் பின்னால் வரும் ஆட்டோக்காரர் ‘ஏ, நகருப்பா!’ என்பார், ஆகவே இது ஏகாரம். நினைவுக் குறிப்பு எதுவும் இத்துணைப் பொருத்தமாக அமைவது அரிது.

வேடிக்கை என்னவெனில், வரலாற்றில் இவ்விரண்டும் ஒரே சொல்லே. இடைக்கால ஐரோப்பாவில் நூல் விற்போர் பலர் ஊர் ஊராகச் சுற்ற, ஓரிடத்தில் கடையிட்டு நின்று விற்றவர் இலத்தீனில் ‘நிற்பவர்’ என்று பொருள்படும் பெயரைப் பெற்றார்; அப்பெயரே ஆங்கிலத்தில் ஸ்டேஷனர் ஆயிற்று; இலண்டனில் அத்தொழிலோரின் குழாத்துக்கு 1557இல் அரச உரிமைப்பத்திரமும் கிடைத்தது. அவர் நின்றமையால் அவர் விற்ற தாளுக்கும் அப்பெயர் ஒட்டிக்கொண்டது. ஆகவே ரங்கநாதன் தெருவில் தள்ளுவண்டியில் பேனாவும் நோட்டும் வைத்து விற்று, போலீஸ் வரக் கண்டதும் வண்டியைத் தள்ளிக்கொண்டு நகர்பவர் ஸ்டேஷனரி விற்கிறாரே அன்றி, சொற்பிறப்பின்படி ஸ்டேஷனர் ஆகார். அவர் இதற்காக வருந்தியதாகத் தெரியவில்லை.

கல்லூரித் தலைவரைக் குறிக்கும் பிரின்சிபலும், கொள்கையைக் குறிக்கும் பிரின்சிபிளும் அடுத்து ஆராயத்தக்கன. ஆங்கிலேயர் முன்னதன் ஈற்றிலுள்ள மூன்றெழுத்தைத் தனியே பிரித்து, அது ‘தோழன்’ என்னும் பொருள் தருவதால் தலைமையாசிரியர் உன் தோழர் என்று நினைவில் கொள் என்பர். தமிழ்நாட்டில் எந்த மாணவரும் நம்பாத ஒன்றை நினைவுக் குறிப்பாக வைத்துக்கொள்வதில் பயன் இல்லை. அதே மூன்றெழுத்து தமிழ்க் காதுக்குப் ‘பல்’ என்று கேட்பதனால், பல்லைக் கடிப்பவர் பிரின்சிபல் என்று கொள்வது இயல்பாக இருக்கும். கொள்கையின் ஈற்றிலோ ‘பிள்’ நிற்கிறது. கொள்கை உள்ள இடத்தில் பிளவு உண்டு என்பதற்குத் தமிழகக் கட்சிகளின் வரலாற்றைக் காட்டிலும் வேறு சான்று வேண்டா. கடனில் அசலும் வட்டியும் என்னும்போது வரும் அசலுக்கும் பல்லே உரியது. வங்கிக் கடன் கட்டியவர்க்கு விளக்கம் தேவையில்லை.

பாலைவனமும் உணவுக்குப் பின் வரும் இனிப்பும் ஓர் எழுத்தால் வேறுபடுவன. அடக்கமாக நடப்பதும் தனித்தனியாக நிற்பதும் டிஸ்க்ரீட் என ஒரே ஒலியின; ஒரே இலத்தீன் தாய்க்குப் பிறந்தவை; அடக்கமாகவே விட்டுவிடலாம். நடுநிலையாளரைக் குறிப்பதாகத் திருத்துநர் காக்கும் டிஸ்இன்ட்ரஸ்டட் என்பது 17ஆம் நூற்றாண்டில் ஆர்வமற்றவரைக் குறித்தது. ஆர்வமற்றவரைக் குறிக்கும் அன்இன்ட்ரஸ்டட் என்பது அதே நூற்றாண்டில் நடுநிலையாளரைக் குறித்தது. எனவே இவ்விரண்டையும் மாற்றி எழுதுவோர் அறியாமையால் எழுதுகின்றனரா, பழம்புலமையால் எழுதுகின்றனரா என்று துணிதல் அரிது.

உடைமைப் பொருளில் வரும் இட்ஸ் என்பதற்கு மேற்குறி இடக்கூடாது, ‘அது ஆகும்’ என்பதன் சுருக்கமாக வரும் இட்ஸுக்கு இட வேண்டும் என்பது இன்று பள்ளிப் பிள்ளையும் அறிந்த விதி. மேற்குறியாவது, எழுத்தின் தலைக்கருகே தொங்கும் காற்புள்ளி. 1787இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசமைப்பின் மூலப்படியில், முதற் பிரிவின் பத்தாம் கூறில், உடைமைப் பொருளிலேயே அம்மேற்குறி இடப்பட்டிருக்கிறது. அந்நாடு அதனால் கலைந்துவிடவில்லை. ஆயினும் திருத்துநர் அந்நாட்டை ஐயத்துடனேயே நோக்கி வருகின்றனர்.

எண்ணக்கூடியவை குறைந்தால் ஃபியூவர், அளக்கக்கூடியவை குறைந்தால் லெஸ் என்னும் விதி இதனினும் சுவையுடைத்து. வாழைப்பழம் ஃபியூவர், பால் லெஸ். தமிழில் இரண்டுமே குறைவுதான். கடைக்காரர் இரண்டுக்கும் விலையைக் குறைப்பதில்லை. இவ்விதி யாரால், எப்போது இயற்றப்பட்டது என்று தேடுவோர், 1770இல் வெளிவந்த ஆங்கில மொழி பற்றிய தம் நூலில் ராபர்ட் பேக்கர் என்பார், எண்ணிக்கை வருமிடத்தில் லெஸ்ஸைவிட ஃபியூவர் நன்றாயிருக்கும் என்று தமக்குத் தோன்றுவதாகக் கூறிய குறிப்பை அடைவர். கவனிக்க: அவர் விதிக்கவில்லை, தமக்கு நயமாகப் படுகிறது என்றார். ஒருவரது விருப்பம் நூறாண்டு உறங்கி எழுந்தால் விதியாகிவிடும் என்பது இலக்கண வரலாற்றில் மாறாத உண்மை. 9ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆல்ஃபிரட் மன்னரின் எழுத்திலேயே எண்ணத்தக்க பொருள்களுக்கு லெஸ் வந்திருக்கிறது. ஆனால் மன்னரைப் பின்பற்றியவர்கள் பிழை செய்தனர், பேக்கரைப் பின்பற்றியவர்கள் புலவராயினர்.

இவ்விதியின் போர்க்களம் பல்பொருள் அங்காடியின் பணம் கட்டும் வரிசை. பத்துப் பொருளுக்கு மேற்படாதோர்க்கென ஒதுக்கிய விரைவு வரிசையின் மேலே ‘டென் ஐட்டம்ஸ் ஆர் லெஸ்’ என்று தொங்கிய பலகைகள், எண்ணத்தக்க பொருளுக்கு லெஸ் இட்ட குற்றத்துக்காகப் பல்லாண்டு வசைக்கு உள்ளாயின. பிரிட்டனின் டெஸ்கோ அங்காடி 2008இல் இரண்டு சொல்லையும் விட்டொழித்து, ‘பத்துப் பொருள் வரை’ என்னும் பொருள்பட அப்பலகைகளை மாற்றிக்கொள்ள முடிவு செய்தது. இது திருத்துநருக்குக் கிடைத்த வெற்றியா தோல்வியா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. வெற்றி என்பார், பிழை நீங்கியது என்பர். தோல்வி என்பார், திருத்துவதற்கு இருந்த ஒன்றும் நீங்கியது என்பர். ‘வரை’ என்பது பத்தையும் உள்ளடக்குமா என்று மூன்றாம் சாரார் வினவுவதற்குள், கூடையில் பதினொரு பொருளோடு நின்றவர் பணம் கட்டிவிட்டு வெளியேறுகிறார். பலகை லெஸ்ஸாக இருந்தபோதும் அவர் அதே வரிசையில்தான் நின்றார்.

லை, லே என்னும் வினைகள் குறித்துச் சுருங்கக் கூறின், லை என்பது கிடத்தல், லே என்பது கிடத்துதல். உருள், உருட்டு என்றும், திருந்து, திருத்து என்றும் தன்வினையும் பிறவினையும் நாவிலேயே பழகிய தமிழர்க்கு இவ்வேறுபாடு எளிதாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் லை என்பதன் இறந்தகாலமே லே என்று வந்து நிற்பதால், நேற்றுக் கிடந்தவரும் இன்று கிடத்துபவரும் ஒரே வடிவத்தில் எதிர்ப்படுகின்றனர். பாப் டிலன் 1969இல் வெளியிட்ட ஒரு பாடல் தலைப்பிலேயே கிடத்தலுக்குக் கிடத்துதலை இட்டுப் பாடினார். 2016இல் அவருக்கு இலக்கிய நோபெல் பரிசு வழங்கியவர்கள் அதைத் திருத்தித் தரும்படி கேட்கவில்லை.

இனி ஷல், வில் என்னும் இணை. பிற இணைகளுக்குச் சில வரிகள் ஒதுக்கிய இவ்வாய்வு இதற்குப் பல பத்திகளை ஒதுக்குவது ஒருதலைச்சார்பு என்று தோன்றலாம், அது சரியே.

எதிர்காலம் உணர்த்தும் இவ்விரு துணைவினைகளுக்கும் விதி வகுத்தவர்களுள் முன்னோடி ஜான் வாலிஸ். ஆக்ஸ்ஃபோர்டில் வடிவியல் பேராசிரியராக இருந்தவர். முடிவிலியைக் குறிக்கும் படுத்த எட்டை 1655இல் கணிதத்துக்குத் தந்தவர். உள்நாட்டுப் போரின்போது எதிர்த்தரப்பின் மறைகுறிக் கடிதங்களை உடைத்துப் பாராளுமன்றத்துக்கு உதவியவர். அவர் 1653இல் இயற்றிய ஆங்கில இலக்கணம் இலத்தீனில் எழுதப்பட்டது. ஆங்கிலம் எப்படிப் பேசுவது என்பதை ஆங்கிலம் பேசுவோர் பலர் படிக்க முடியாத மொழியில் கூறும் நேர்மை இன்றைய ஆய்வுநூல்களிலும் பேணப்படுகிறது. தன்மையில் ஷல் வந்தால் வெறும் எதிர்காலம், வில் வந்தால் உறுதிமொழியோ அச்சுறுத்தலோ. முன்னிலை, படர்க்கையில் இது தலைகீழாகும் என்பது அவர் விதி. மறைகுறி உடைத்த ஒருவர், பழகிய கை சும்மா இராமல், புதியதொரு மறைகுறியைத் தம் நாட்டார்க்குப் படைத்துத் தந்தார் என்று கொள்வாரும் உளர்.

இவ்விதியைத் தமிழில் நூற்பாவாக இயற்றியோர் இன்மையால், இவ்வாய்வே அதனை இயற்றி, இவ்வாய்வே உரையும் வகுக்கிறது.

தன்மைக்கு ஷல்லும் பிறவற்றுக்கு வில்லும்
நன்னர்ப் பொருந்தும் நாளை உரைப்பின்;
மாறி வரினே சூளுரை ஆகும்;
மூழ்குநர்க்கு இவ்விதி முழுவதும் உரித்தே.

இதன் உரை: ‘நாளை’ என்றது எதிர்காலம் முழுமையும் குறித்து நின்றது, நாளை மறுநாளும் அடங்கும். ‘வரினே’ என்னும் ஏகாரம் தேற்றம். ‘சூளுரை’ என்றதனால் ஆணையும் கொள்ளப்படும். ‘மூழ்குநர்’ என உயர்திணையாற் கூறினமையின் குளத்தில் கிடக்கும் எருமை விலக்கப்பட்டது. ‘முழுவதும்’ என்னும் முற்றும்மையால் கணுக்கால் மட்டும் நனைந்தோர் இவ்விதிக்கு உரியர் அல்லர் என்பது பெறப்பட்டது. ‘உரித்தே’ என்னும் ஈற்றேகாரம் அசை. ஆயினும் பயனின்றி ஆசிரியர் கூறாராகலின், அதனால் நீந்தத் தெரிந்தோர்க்கும் ஓரளவு உரித்து என்று கொள்க.

மூழ்குநரை நூற்பா விதந்தோதிய காரணம் ஆங்கில இலக்கண மரபு அறிந்தார்க்கு விளங்கும். நீரில் விழுந்த ஒருவர் ‘ஐ வில் டிரௌன், நோபடி ஷல் சேவ் மீ’ என்று கதறியதாகவும், தன்மையில் வில்லும் படர்க்கையில் ஷல்லும் வந்தமையால் ‘மூழ்கியே தீருவேன், எவரும் காப்பாற்றக் கூடாது’ என்று பொருள்பட்டு, கரையிலிருந்தோர் அவர் விருப்பத்துக்கு மதிப்பளித்து வாளாவிருந்ததாகவும் ஒரு பழங்கதை இலக்கண நூல்களில் நெடுங்காலமாக வழங்குகிறது. கதைத் தலைவர் ஸ்காட்லாந்தினர் என்பது ஒரு பாடம். அயர்லாந்தினர் என்பது மற்றொரு பாடம். பிரெஞ்சுக்காரர் என்பது வேறொரு பாடம். பாடம் பலவாயினும் அவர் ஒரு பாடத்திலும் இங்கிலாந்தின் தென்பகுதியினர் அல்லர் என்பது ஒப்ப முடிந்தது. யார் மூழ்குகிறார் என்பதைக் கொண்டே யார் எழுதினார் என்று அறியலாம்.

இங்கு ஆராயத்தக்கது நீரின் ஆழம். பேச்சு வழக்கில் ஆங்கிலேயர் ஷல்லையும் வில்லையும் முழுமையாக உச்சரிப்பதில்லை. இரண்டும் ‘ஐல்’ என்று ஒரே லகர ஒலியாய்த் தேய்ந்துவிடுவதால், வாயால் பேசும்போது இவ்வேறுபாடு பெரும்பாலும் இருப்பதே இல்லை. அங்ஙனமாயின், நீருள் இறங்கிய ஒருவர் அவ்விரு சொல்லையும் சிதையாமல் நிறுத்தி உச்சரித்தார் எனின், அவர்க்கு மூச்சு நிரம்ப இருந்தது. மூச்சு இருந்ததெனின் தலை வெளியே இருந்தது. தலை வெளியே இருந்ததெனின் நீர் மார்பளவே. ஆகவே அவர் மூழ்கவில்லை, இலக்கணம் பயின்றுகொண்டிருந்தார் என்பர் நீர்ச்சாரார். நீர் எத்துணை ஆயினும் சொல் சொல்லே, பிழைக்குத் தண்டனை உண்டு என்பர் கரைச்சாரார். இருவர்க்கும் இடையே பாலத்தின் மேல் நின்று வேடிக்கை பார்ப்போர் மேலாய்வுக்கு இடமுண்டு என்பர்.

நீர்ச்சாரார் கொள்கையை இதுவரை எவரும் எழுதாத நூலொன்றின் மூன்றாம் பதிப்பு ஏற்கிறது. நான்காம் பதிப்பு அதே அழுத்தத்துடன் மறுக்கிறது. எவர்க்கும் கிடைக்காமையால் இரண்டுமே மேற்கோளுக்குத் தகுந்தவை, ஏனெனில் கிடைக்கும் நூலை யாரேனும் புரட்டிப் பார்த்துவிடும் ஆபத்து உண்டு. கரைச்சாரார் கொள்கைக்கான சான்று இதனினும் வலுவானது: அது ஒரு பட்ட ஆய்வேட்டின் பின்னிணைப்பில், தலைகீழாகப் பைண்டு செய்யப்பட்ட ஜெராக்ஸ் தாளின் மறுபுறத்தில், ‘மேலது’ என்று மட்டும் குறிக்கப்பட்டு, அந்த ‘மேலது’ எதைச் சுட்டுகிறது என்பதை அறியும் ஒரே மனிதர் ஓய்வுபெற்றுவிட்டதாக, தாளைக் காணாத ஒருவர் கேட்காத மற்றொருவர்க்கு, கருத்தரங்கின் இரண்டாம் அமர்வில், பொன்னாடை போர்த்தும் நேரத்தில், ஒலிபெருக்கி வேலை செய்யாதபோது எடுத்துரைத்த கருத்தாகும். பங்கேற்புச் சான்றிதழ் இருவர்க்கும் வழங்கப்பட்டது.

உண்மையில் இவ்விணை பற்றி இருக்கும் நூல்கள் கற்பனைக்கு வேலை வைப்பதில்லை. ஃபௌலர் உடன்பிறப்பினர் 1906இல் வெளியிட்ட ‘தி கிங்ஸ் இங்கிலீஷ்’ நூலில் ஷல், வில் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுமுன், இவ்வழக்கு இங்கிலாந்தின் தென்பகுதியினர்க்குப் பிறப்பிலேயே வாய்ப்பது என்றும், அவ்வாறு பிறவாதோர் அதைக் கற்றுக்கொள்வது அரிதினும் அரிது என்றும் ஒப்புக்கொள்கின்றனர். பிறந்தோர்க்குத் தேவையில்லை, பிறவாதோர்க்குப் பயனில்லை. ஆயினும் அப்பகுதி அச்சிடப்பட்டது, விற்றது, பலமுறை மறுபதிப்பும் கண்டது. இந்தியாவில் இவ்விதியைத் தலைமுறை தலைமுறையாகப் பரப்பியது ரென், மார்ட்டின் இருவர் பெயரால் வழங்கும் இலக்கண நூல். அவருள் ரென், பிரெஞ்சு அயலகப் படை பற்றிய ‘போ ஜெஸ்ட்’ என்னும் சாகச நாவலை 1924இல் எழுதிப் புகழ்பெற்றவர். பாலைவனக் கோட்டையில் வீரர்கள் ஒவ்வொருவராக மடியும் கதையை எழுதியவர் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலக்கணம் எழுத வந்ததில் மனநிலை மாற்றம் அதிகம் தேவைப்பட்டிராது.

கரையில் நின்றோருள் இந்திய வழக்குரைஞர் ஒருவர் இருந்திருப்பின் மூழ்குநர் கதி வேறாகியிருக்கும். சட்டவாசகத்தில் ஷல் கட்டாயத்தையும், மே விருப்பத்தையும் குறிக்கும் என்பது பொது நெறி. ஆயினும் சட்டத்தின் நோக்கத்தையும் பின்விளைவையும் கருதி, ஓரிடத்தில் ஷல் என்பதை மே என்றும், மற்றோரிடத்தில் மே என்பதை ஷல் என்றும் கொள்ள வேண்டும் என நம் உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் கூறியிருக்கிறது. அதன்படி ‘நோபடி ஷல் சேவ் மீ’ என்பது கட்டாய விதியன்று, வழிகாட்டும் விதியே என்று வாதிட இடம் உண்டு, காப்பாற்றலாம். இடைக்காலத் தடை கோரி மனு போடுவதற்கு நீர் மார்பளவாக இருத்தல் மட்டுமே முன்நிபந்தனை.

திருத்துநர் மரபின் உள்முரண் பற்றியும் ஒரு சொல் கூற வேண்டும். ராபர்ட் லௌத் என்னும் சமயகுரு 1762இல் எழுதிய இலக்கணத்தில் ஷேக்ஸ்பியர், மில்டன் ஆகியோரிடமே பிழை கண்டார். வாக்கியத்தை முன்னிடைச்சொல்லில் முடிப்பது உயர்நடைக்குப் பொருந்தாது என்று கூறியபோது, அதனை நோக்கி ஆங்கிலம் பெரிதும் சாய்ந்த மொழி என்னும் தம் வாக்கியத்தைத் தாமே முன்னிடைச்சொல்லில் முடித்தார். கேன்டர்பரியின் ஆலயத் தலைவர் ஹென்றி ஆல்ஃபோர்ட் அரசியாரின் ஆங்கிலத்தைக் காக்கும் பொருட்டு அப்பெயராலேயே 1864இல் நூல் எழுதினார். ஜார்ஜ் வாஷிங்டன் மூன் என்பார் அந்நூலின் ஆங்கிலத்தில் மலிந்த பிழைகளைத் தொகுத்துக் ‘ஆலயத் தலைவரின் ஆங்கிலம்’ என்னும் பொருள்படும் தலைப்பில் மறுநூல் எழுதினார். அதோடு அமையாமல், இலக்கண ஆசான் லின்ட்லி மரேயின் கெட்ட ஆங்கிலம் குறித்தும் தனிநூல் செய்தார். அரசியார் இவற்றுள் எதையும் எழுதவில்லை. ஒருவர் நூலில் மற்றவர் பிழை கண்டு நூல் செய்யும் இம்முறையால் நூலகங்கள் பயனடைந்தன. தமிழ்ப் பதிப்புலகில் சந்தி பிழை காட்டும் முன்னுரைகள் இத்துணை வளர்ச்சி பெறவில்லை எனினும், முயற்சி குறைவென்று சொல்ல முடியாது.

இறுதியாக, உயிர் போகத்தக்க மயங்குசொல் ஒன்று உண்டு. திருத்துநர் அதனைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. எளிதில் தீப்பற்றும் பொருளுக்குரிய பழைய சொல் இன்ஃப்ளேமபிள். முன்னிற்கும் ‘இன்’ என்பது தீ மூட்டுதல் என்னும் இலத்தீன் வினையின் பகுதியே அன்றி எதிர்மறை அன்று. ஆனால் ஆங்கிலத்தில் வேறு பல சொற்களில் அதே ‘இன்’ எதிர்மறையாகவும் வருவதால், தீப்பற்றாதது என்று ஒருவர் பொருள் கொண்டால் அவரைக் குற்றம் கூறுவதற்கில்லை. கூறுவதற்கு அவர் இருப்பாரா என்பதும் ஐயமே. எனவே 1920களில் அமெரிக்கத் தேசியத் தீப் பாதுகாப்புக் கழகத்தார் ஃப்ளேமபிள் என்னும் குறுகிய சொல்லையே வழங்குமாறு வலியுறுத்தினர். வழு என்று சினக்காமல், மரபு என்று பிடிவாதம் காட்டாமல், தீ எரியும் இடத்தில் நின்று சொல் தேர்ந்தவர்கள் அவர்கள். தீக்காப்பீட்டு நிறுவனமொன்றில் பணியாற்றிய மொழியியலாளர் பெஞ்சமின் லீ வோர்ஃபும், பெட்ரோல் ‘காலி’ பீப்பாய்களின் அருகே தொழிலாளர் அஞ்சாமல் புகைபிடிப்பதைக் கண்டு, உள்ளே ஆவி நிறைந்திருக்க, ‘காலி’ என்ற சொல்லே அவர்களை ஏமாற்றுகிறது என்று எழுதினார்.

தமிழ்நாட்டு நெடுஞ்சாலைகளில் ஓடும் டேங்கர் லாரிகளின் முதுகில் இன்றும் ‘ஹைலி இன்ஃப்ளேமபிள்’ என்றே சிவப்பில் எழுதியிருப்பதைக் காணலாம். அதனைப் பின்தொடரும் ஓட்டுநர் அருகிலுள்ள தீச்சுவாலைப் படத்தைப் பார்த்து இடைவெளி விடுகிறார். பதின்பருவத்தில் ரென், மார்ட்டினை மனப்பாடம் செய்தவர் ‘இன்’ என்பதன் இலத்தீன் மூலத்தை நினைவுகூர்ந்து இடைவெளி விடுகிறார். சாலையோரத் தேநீர்க் கடையில் லாரி நிற்க, அதன் பின்சக்கரத்தில் சாய்ந்தபடி பீடி பற்றவைப்பவர் சொல்லையும் படிக்கவில்லை, படத்தையும் பார்க்கவில்லை. எனவே அவர் இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டவர்.